பிரஷ் பேனாவில் தமிழ் எழுதப் பழகுகிறேன், தடிப்பும் மெல்லிசும் பிரிந்து வரவில்லை

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம், அழைப்பிதழ் உறைகளில் பெயர்களை நானே பிரஷ் பேனாவால் (தூரிகை மாதிரி வளையும் நுனி உள்ளது) எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்து மூன்று கிழமையாகப் பழகுகிறேன். கீழே இறங்கும் கோடு தடிப்பு, மேலே ஏறும் கோடு மெல்லிசு, அதுவரை விளங்குகிறது. ஆனால் எனக்கு எல்லாமே ஒரே தடிப்பாகத்தான் வருகிறது, பேனா நுனியும் அதற்குள் தும்பு தும்பாகப் பிரிந்துவிட்டது. வளைவே கூடிய நம் எழுத்துக்கு இந்த விதி சரிவருமா?

கல்லடி போர்ட்காரன்:
தங்கச்சி, பாடசாலைக் கொப்பியிலா எழுதுகிறீர்கள்? அப்படியென்றால் நுனி பிரிந்ததற்கு அதுதான் காரணம், சொரசொரப்பான தாள் நுனியை அராவிவிடும். அடியில் கோடு போட்ட தாளை வைத்து, மேலே டிரேசிங் தாள் போட்டு எழுதுங்கள். பேனாவை நட்டமாகப் பிடிக்கவும் கூடாது. 45 பாகை அளவில் சரித்து, இறங்கும்போது நுனியின் பக்கம் படும்படி அழுத்துங்கள், ஏறும்போது முனை மட்டும் தாளைத் தொட்டால் போதும். டொம்போ ஃபுடெனோசுகே மாதிரிச் சிறிய, கடின நுனிப் பேனா என்றால் தொடக்கத்தில் கைக்கு அடங்கும்.

எல்லோரும் பிழைவிடும் இடம் வளைவு. திரும்புகிற இடத்துக்கு வந்த பிறகு அழுத்தத்தைக் குறைத்தால் அங்கே ஒரு கட்டி விழும், அதனால் வளைவு வர முன்னமே கையை லேசாக்க வேண்டும். எழுத்தை விட்டுவிட்டு ஒரு கிழமைக்கு நேர்க்கோடு, கிண்ண வளைவு, கவிழ்த்த கிண்ண வளைவு, முட்டை வடிவம் இவற்றை மட்டும் போடுங்கள். மெதுவாக. வேகமாக எழுதினால்தான் வடிவு என்று யாரோ பொய் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நான் பெனர் மெஷின் வரும் வரை இனாமல் பெயின்டில் கடைப் போர்ட் எழுதியவன். எனக்குப் பழக்கியவர் முதலில் பெயின்டைத் தொடவே விடவில்லை, தண்ணீரில் பிரஷைத் தோய்த்துச் சீமெந்துத் தரையில் எழுது என்றார். நம் வெயிலுக்குக் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், திரும்ப எழுதலாம், செலவே இல்லை. சீனாவில் பூங்காக்களில் வயதானவர்கள் பெரிய தூரிகையால் தரையில் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது பிறகுதான் தெரியும்.

காத்தான்குடி கலம்:
போர்ட்கார நானா சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் அறபு எழுத்தணி பழகுகிறேன். அதில் நாணல் பேனாவின் முனையைத் தட்டையாகச் சீவுவோம், தடிப்பைத் தீர்மானிப்பது பேனா நிற்கும் கோணம், அழுத்தம் இல்லை. அளவுக்கும் பேனாவையே வைப்போம்: முனையால் வைக்கும் சாய்சதுரப் புள்ளிதான் அளவுகோல், அலிஃப் என்ற முதல் எழுத்து இத்தனை புள்ளி உயரம் என்று கணக்கு. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு முக்லா என்ற எழுத்தணிக் கலைஞர் ஒழுங்குபடுத்திய முறை அது. ஆகவே தட்டை முனைக் காணொளியையும் உங்கள் பிரஷ் பேனா மாதிரிக் கூர்நுனிக் காணொளியையும் கலந்து பார்க்காதீர்கள், கை குழம்பிவிடும்.

தமிழை ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள், கோடு ஒரே தடிப்பு. அதனால் எங்கே அழுத்துவது என்பதற்கு நமக்குப் பழைய சட்டம் ஒன்றுமில்லை, கை போகும் திசையைப் பாருங்கள். ‘ப’ எழுதினால் இடக்கால் இறங்குகிறது, தடிப்பு. வலக்கால் ஏறுகிறது, மெல்லிசு. ‘தி’யின் மேலே வரும் விசிறியும் அப்படியே, ஏறும்போது முனை மட்டும், இறங்கும்போது அழுத்தம். எல்லா உறையிலும் ‘திரு’, ‘திருமதி’ வரும்தானே, முதலில் அந்த இரண்டையும் பழகுங்கள்.

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:
இரண்டு பேருக்கும் நன்றி. கொப்பிதான், பிடிபட்டுவிட்டேன்! நேற்றுப் பின்னேரம் திண்ணையில் தண்ணீரால் எழுதிப் பார்த்தேன், ‘ப’ வந்துவிட்டது, ‘ரு’வுக்குத்தான் இன்னும் வயிறு பெருத்துக் கிடக்கிறது. அம்மா வழுக்கி விழப் பார்த்தா, இனிக் கிணற்றடியில்தான் எழுத வேண்டுமாம்.