குளிர்காலத்தைத் தனியாக ரசிப்பவர்கள் வாங்க, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஸ்கார்பரோ, கனடா

நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். மறுநாள் மாலை ஐந்தரைக்கெல்லாம் கும்மிருட்டு. வேலையிடத்தில் எல்லோரும் முகம் வாடி நிற்பார்கள். எனக்கோ அன்றுதான் மூச்சு சீராகும். "இவ்வளவு நல்ல வெயில், வீட்டில் என்ன செய்கிறாய்?" என்று கோடை முழுக்கக் கேட்டவர்கள் இனி ஏப்ரல் வரை கேட்க மாட்டார்கள்.

நான் கும்பகோணம் பக்கம். இங்கே இது ஒன்பதாவது குளிர்காலம். மனிதர்களைப் பிடிக்காது என்பதில்லை, கூச்சமும் இல்லை. நாலு பேரோடு இரண்டு மணி நேரம் பேசினால் அப்புறம் அரை நாள் தனியாக இருந்தால்தான் தெம்பு திரும்பும், அவ்வளவுதான். முதல் இரண்டு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். டொராண்டோ நூலகக் கிளைகளில் தமிழ்ப் புத்தகமும் கிடைக்கிறது. ஆனாலும் ஜனவரி பாதியில் அலுத்துவிட்டது.

மூன்றாம் வருடம் வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, நான் மூண்டு கிழமை லண்டன் போறன். பின்பக்கம் இந்தக் குருவிகளுக்குச் சாப்பாடு போட்டு விடுவீரோ?" என்று ஒரு வாளி கறுப்புச் சூரியகாந்தி விதையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் வந்தது சிக்கடி. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், கட்டைவிரல் பருமனுக்குக் கொஞ்சம் மேல். தீனிக்கூண்டில் உட்கார்ந்து தின்னாது. ஒரே ஒரு விதையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளைக்குப் பறந்து, இரண்டு காலாலும் அதை அழுத்திப் பிடித்து, தச்சர் ஆணி அடிப்பதுபோல டக் டக்கென்று கொத்தி உடைக்கும். பிறகு அடுத்த விதைக்கு வரும். சிலவற்றை மரப்பட்டை இடுக்கில் ஒளித்துவைத்துவிட்டு, பின்னால் இடம் தவறாமல் தேடி எடுக்கும். கடுங்குளிர் இரவுகளில் உடல் சூட்டைத் தானே பத்து டிகிரி வரை குறைத்துக்கொண்டு தூங்கும் பறவை இது. கையளவுகூட இல்லாத ஓர் உயிர் இந்தக் குளிரைத் தாண்டும் வழியைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. பொழுது சாயும் நேரத்தில் சிவப்பு கார்டினல் ஜோடியாக வரும். வெள்ளைப் பனியில் அந்தச் சிவப்பைப் பார்க்கவே சீக்கிரம் வீடு திரும்ப ஆரம்பித்தேன்.

வீட்டுக்கார அம்மா லண்டனிலிருந்து திரும்பியதும் வாளியைக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "நீரே போடும், உமக்கு அது நல்லது" என்றார். இப்போது ஞாயிறு காலையில் இருவரும் சமையலறை ஜன்னலோரம் தேநீரோடு உட்காருவோம். அரை மணி நேரத்தில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். எனக்கு இந்த மாதிரித் துணைதான் வேண்டியிருந்தது என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

டிசம்பர் விருந்துகளுக்கும் போகத்தான் செய்கிறேன். முதல் ஆளாகப் போவேன், அப்போது கூட்டம் இருக்காது. அடுப்படியில் வெங்காயம் நறுக்குவதோ தட்டு துடைப்பதோ ஒரு வேலையை வாங்கிக்கொள்வேன். கை ஓடும்போது பேச்சு தானாக வரும். ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

மயிலாப்பூர், சென்னை

எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழிதான். மாலைக் கச்சேரிக் கூட்டம் எனக்கு ஆகாது. மதியக் கச்சேரிக்குப் போவேன். பல சபாக்களில் அது இலவசம், வளரும் பிள்ளைகள் பாடுவார்கள், பாதி நாற்காலி காலியாக இருக்கும். மூன்று வருடமாக ஒரு பெரியவர் ஒரு நாற்காலி தள்ளி உட்காருகிறார். பெயர் தெரியாது. ஆலாபனை தொடங்கியதும் என் பக்கம் சாய்ந்து, ராகத்தை ஊகித்து, "காம்போதி?" என்பார். நான் தலையை ஆட்டுவேன், அல்லது "ஹரிகாம்போதி" என்பேன். எங்கள் சிநேகிதம் அவ்வளவுதான். போன டிசம்பரில் நாலு நாள் அவரைக் காணாமல் எனக்குப் பாட்டிலேயே மனம் ஒட்டவில்லை. ஐந்தாம் நாள் மஃப்ளரோடு வந்து உட்கார்ந்து, "ஜலதோஷம்" என்றார்.

டிரோம்சோ, நோர்வே

அக்கா, உங்கள் எழுத்து பிடித்தது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் தலைகாட்டாது. நண்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் மட்டும். என் முதல் குளிர்காலத்தில் பதினொரு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். "எனக்குத் தனிமை பிடிக்கும்" என்று எல்லோரிடமும் சொன்னேன், நானும் நம்பினேன். ஆனால் கையில் எடுத்த புத்தகம் இனிக்கவில்லை, அம்மாவின் அழைப்பைக்கூட எடுக்க மனம் வரவில்லை. தனிமை பிடித்தவருக்குத் தனியாக இருக்கும்போது தெம்பு கூட வேண்டும். எனக்குக் குறைந்துகொண்டே போனது.

மருத்துவரிடம் போனபோது இது பருவகால மனச்சோர்வு என்றார். 1984-இல் நார்மன் ரோசென்தாலும் அவர் குழுவினரும் மருத்துவ உலகுக்கு விவரித்த நோய் இது. 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் இருக்கச் சொன்னார். கண் நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். சில வாரங்களில் புத்தகம் மறுபடி இனித்தது. அந்த விளக்கடியில்தான் இப்போது பின்னல் வேலை பழகுகிறேன். யாருக்காவது என்னைப் போல இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்கார்பரோ, கனடா

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு அலுத்துப்போன அந்த ஜனவரியும் வெறும் அலுப்புதானா என்று இப்போது யோசிக்கிறேன். அந்த வேளையில் படியிறங்கி வந்த அந்த அம்மாவுக்கு இதை இன்று படித்துக் காட்டினேன்.

பிப்ரவரி நடுவில் நாலு நாள் உலகம் முழுக்கப் பறவை எண்ணும் நிகழ்வு நடக்கும். 1998-இல் வட அமெரிக்காவில் தொடங்கியது, 15 நிமிடம் பார்த்து எழுதினாலே போதும். டிரோம்சோவிலும் மயிலாப்பூரிலும் அதே நாட்களில் எண்ணலாம். எங்கள் போன வருடத் தாள் குளிர்பெட்டியில் இன்னும் ஒட்டியிருக்கிறது: சிக்கடி 4, ஜுன்கோ 7, கார்டினல் 2.