மறுமொழி: கேண்டி கேப் காளானுக்குத் தமிழ்ப்பெயர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்காக மொழிபெயர்த்துவரும் கலிபோர்னியக் காளான் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கேண்டி கேப்' என்று அங்கே வழங்கும் லாக்டேரியஸ் ரூபிடஸ் மட்டும் இன்னும் தமிழ்ப்பெயரின்றி நிற்கிறது.

பலரும் பரிந்துரைத்த 'வெந்தயக் காளான்' எளிய சொல்தான். வெந்தயத்துக்கு மணம் தரும் சோடோலோன் என்ற சேர்மமே உலர்ந்த இக்காளானுக்கும் மணம் தருகிறது. ஆயினும் பறிக்கும்போது அந்த மணம் மிகக் குறைவு, உலர்ந்த பிறகே ஓங்குகிறது. காட்டில் நிற்பவருக்குக் கைகொடுக்காத அடையாளத்தைப் பெயராக்கக் கூடாது. அதே காடுகளில் அழுகிய மரத்தில் முளைத்து, உண்டவரின் கல்லீரலைச் சிதைக்கும் கலெரினாவும் சிறிய பழுப்புக் காளானே. அதைக் கீறினால் பால் வராது. கேண்டி கேப்பின் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளான செவுள்களைக் கீறினால் நீர்த்த வெண்பால் கசியும், தண்டு பட்டென்று ஒடியும். 1979இல் காளான் ஆய்வாளர்கள் ஹெஸ்லரும் ஸ்மித்தும் சூட்டிய 'ரூபிடஸ்' என்ற அடைமொழியும் கண்ணுக்குத் தெரியும் செந்நிறத்தையே சுட்டுகிறது.

ஆகவே லாக்டேரியஸ் பேரினத்துக்குப் 'பால்வடி காளான்' என்றும், மணத்தை முதன்மை அடையாளமாக்காமல் அடைமொழியாக மட்டும் சேர்த்து இவ்வினத்துக்கு 'மணப்பால்வடி காளான்' என்றும் வைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. 'வடி' வினைத்தொகையாக நிற்பதால் ககரம் மிகாது. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பால் வடிவதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 'பால் காளான்' என்று சுருக்கவும் இயலாது. தமிழ்நாட்டுப் பண்ணைகளில் வளரும் வெண்காளானுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது.

'புழலாம்பி' என்ற பரிந்துரை என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது. சிறுபாணாற்றுப்படையின் 'புழற்காளாம்பி' உள்துளையுடைய காளான். முற்றிய கேண்டி கேப்பின் தண்டும் உள்ளீடற்றதே. ஆனால் அந்தப் புழற்காளாம்பி கறையான் அரித்த சுவரின் புழுதியில், வறியவர் அட்டிலில் (சமையலறையில்) பூத்தது. அந்த வறுமையின் சொல்லைப் பிரித்தெடுத்து இனிப்புப் பண்டங்களில் சேரும் இக்காளானுக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

சமையல் பக்கத்தில் 'வறுவல்' என்ற சொல்லையும் நீக்க வேண்டுகிறேன். இக்காளானை உலர்த்திப் பொடித்து, சூடான பாலில் ஊறவைத்து, ஐஸ்கிரீமிலும் பிஸ்கட்டிலும் ஏலக்காயைப் போலச் சிறிதளவே சேர்ப்பார்கள்.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

மறுமொழி:

ஐயா, வணக்கம். வினைத்தொகையை ஏற்கிறேன், 'மணப்பால்வடி' என்பதை ஏற்க இயலவில்லை. அச்சொல்லைப் பிரித்தால் பாலே மணப்பதாகப் பொருள்படுகிறது. மணப்பதோ உலர்ந்த காளான். மேலும், பால் வடிவதெல்லாம் உண்ணத்தக்கதன்று: லாக்டேரியஸ் ரூஃபஸும் செம்பழுப்பு நிறம், பாலும் வடியும், ஆனால் நாக்கை எரிக்கும். பால் உண்டு என்ற ஒன்றை மட்டும் நம்பிப் பிள்ளைகள் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பெயருக்கு அடியிலேயே வர வேண்டும். காலக்கெடுவை எண்ணிப் பெரும்பான்மையோர் உங்கள் சொல்லுக்கு இசைந்துவிட்டனர், நான் தடுக்கவில்லை. சொல்லடைவில் 'வெந்தயக் காளான்' என்பதையும் மாற்றுப்பெயராகச் சேருங்கள். அடுத்த பதிப்பின்போது இதை மீண்டும் எழுப்புவேன்.