மறு: கன்வர்ஜென்ஸ் – குவிதலா, ஒருமையா, இசைவா?

வணக்கம்.

கணினி வலையமைப்புக்கான நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் கன்வர்ஜென்ஸுக்கு எந்தச் சொல் என்ற விவாதத்துக்கு என் பதில் இது. தரவைச் சேரவேண்டிய இடத்துக்குக் கடத்திவிடும் ரூட்டருக்குத் திசைவி, அதற்கு வழி தேரும் ரூட்டிங்குக்கு வழிப்படுத்தல் என்பதில் நமக்குள் பிணக்கு இல்லை. இணைப்பு மாறினால் வழியும் தானாக மாறும் டைனமிக் ரூட்டிங்குக்கு ஓசூர் நண்பர் தந்த 'இயங்குநிலை வழிப்படுத்தல்' கொஞ்சம் நீளம், இருக்கட்டும். கன்வர்ஜென்ஸுக்கு அவர் சொன்ன 'குவிதல்'தான் எனக்கு இடிக்கிறது.

குவிதல் என்றதும் பள்ளிப் பிள்ளைக்கு லென்ஸ்தான் நினைவுக்கு வரும். கதிர்கள் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். வழிப்படுத்தலில் எதுவும் ஒரு புள்ளிக்குப் போய்ச் சேர்வதில்லை. இணைப்பு ஒன்று அறுந்ததும் ஒவ்வொரு திசைவியும், எந்த இடத்துக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று குறித்து வைத்திருக்கும் தன் வழி அட்டவணையைத் திருத்துகிறது. எல்லா அட்டவணைகளும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் நிற்கும் நிலைக்கு வருவதே கன்வர்ஜென்ஸ்.

தருமபுரியில் மாணவர்களுக்கு நான் காட்டும் வலையமைப்பை வைத்தே சொல்கிறேன். லினக்ஸ் மெய்நிகர் கணினிகள் ஐந்து, எல்லாவற்றிலும் எஃப்.ஆர்.ஆர். என்ற வழிப்படுத்தல் மென்பொருள்; ஒவ்வொன்றும் ஒரு திசைவி. பெயர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு; இதே வரிசையில் வளையமாக இணைப்பு, எல்லா இணைப்புக்கும் ஒரே செலவு மதிப்பு (மொத்தச் செலவு குறைந்த வழியே தேர்வாகும்). ஓசூருக்குக் கிருஷ்ணகிரி வழியாகவும் போகலாம், பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகவும் போகலாம் என்று பேருந்தில் போய்வரும் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. (ரயில் என்றால் பாலக்கோடு வழி மட்டும்தான். கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் வந்தபாடில்லை, அது வேறு கதை.)

ஓ.எஸ்.பி.எஃப். என்ற வழிப்படுத்தல் நெறிமுறை ஓடும்போது தருமபுரி–கிருஷ்ணகிரி இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். தருமபுரி முந்திக்கொண்டு மறுகணக்குப் போட்டு, கிருஷ்ணகிரிக்குப் போகும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) பாலக்கோட்டிடம் தள்ளுகிறது. பாலக்கோடு தன் கணக்கை முடிக்கும்வரை பழைய அட்டவணையைத்தான் பார்க்கும். அதில் கிருஷ்ணகிரிக்கு வழி தருமபுரி! இது அங்கே தள்ள, அது இங்கே தள்ள, டி.டி.எல். (இன்னும் எத்தனை திசைவிகளைத் தாண்டலாம் என்ற எண்ணிக்கை) தீர்ந்து பாக்கெட் போய்விடுகிறது. பாலக்கோடும் 'ராயக்கோட்டைப் பக்கம் போ' என்று மாறிய பிறகே சுற்றல் நிற்கும். நொடிக்கும் குறைவான நேரம்தான், ஆனால் நடப்பது இதுதான்: இரண்டும் இசையாமல் இருந்தன, பிறகு இசைந்தன. எனவே என் பரிந்துரை 'இசைவு'.

இசைவு என்றால் சம்மதம் அல்லவா என்று கேட்பீர்கள். அதுவும் இங்கே பொருந்தவே செய்கிறது. 'வழியொருமை' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கேட்க அழகு, ஆனால் தவறான படம் தரும். ஓ.எஸ்.பி.எஃப்.-இல் ஒரே பகுதிக்குள் இருக்கும் திசைவிகளிடம் இணைப்பு நிலைத் தரவுத்தளம் (எந்தெந்த இணைப்புகள் இருக்கின்றன என்ற முழுப் படம்) ஒன்றுபோல இருக்கும். வழி அட்டவணை ஆளுக்கு ஒன்றுதான். ரிப் என்ற இன்னொரு வழிப்படுத்தல் நெறிமுறையில் அந்தப் பொதுப் படமும் கிடையாது, அடுத்த திசைவி சொல்வதை நம்ப வேண்டியதுதான். 'ஒத்திசைவு' ஏற்கெனவே சிங்க்ரனைசேஷனுக்குப் போய்விட்டது.

கலைச்சொல்லுக்கு வினை வடிவம் வரவில்லையென்றால் ஆய்வகத்தில் யாரும் அதை வாயில் எடுக்கமாட்டார்கள். 'வலையமைப்பு இன்னும் இசையவில்லை', 'மறு இசைவு', 'விரைவு இசைவு' எல்லாம் தடையின்றி வருகின்றன. 'இசைவு நேரம்' என்பதைத்தான் சோதனையில் அதிகம் புழங்குவோம். கேபிளைத் திசைவியிலிருந்தே பிடுங்கினால் அந்தத் திசைவிக்கு உடனே தெரிந்துவிடும். இடையில் சுவிட்ச் (கேபிள்களை இணைக்கும் வலையமைப்புப் பெட்டி) இருந்து, அதற்கு அப்பால் அறுந்தால் இந்தப் பக்கத்து இடைமுகம் (திசைவியில் கேபிள் செருகும் முனை) இணைப்பு இருப்பதாகவே காட்டி எழுந்தேதான் நிற்கும். அப்போது ஓ.எஸ்.பி.எஃப். 10 நொடிக்கு ஒருமுறை பக்கத்துத் திசைவியிடமிருந்து வரவேண்டிய ஹலோ செய்தியை எதிர்பார்த்து, 40 நொடி வரை பொறுத்திருக்கும். ரிப் 30 நொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பும். 180 நொடி சத்தமே இல்லாவிட்டால்தான் வழியைக் கைவிடும். இவை வழக்கமான இயல்பு மதிப்புகள், மாற்றிக்கொள்ளலாம். ஆகவே இசைவு நேரத்தை எழுதும்போது எந்த இடத்தில் துண்டித்தோம் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். விளக்கக் குறிப்பில் இந்த வரி கட்டாயம் வரட்டும்.

அப்புறம், குரல், காணொளி, தரவு மூன்றும் ஒரே வலையமைப்பில் போவதையும் ஆங்கிலத்தில் கன்வர்ஜென்ஸ் என்கிறார்கள். அது வேறு பொருள். அதற்கு 'ஒருங்கிணைவு' என்று தனி உள்ளீடு போடலாமா?