ஆங்கில ஸ்பெல்லிங் இந்த வயதில் திருந்துமா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நெல்லிக்குப்பத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 29. பிளஸ் டூ வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். இப்போது புதுச்சேரியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன், தினமும் கடலூர் வந்து பஸ் மாறிப் போய் வருகிறேன். ஆங்கிலத்தில் படித்தால் புரிகிறது, ஓரளவு பேசவும் வருகிறது, ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பினேன். அதில் ரிசீட் என்ற சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். அவர் அதை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, செக்கோடு சேர்த்து அனுப்பியிருந்தார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து வெளி மெயில்கள் எல்லாம் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டன. அதுதான் மனதைக் குடைகிறது.

டிக்‌ஷனரியை முதலிலிருந்து மனப்பாடம் செய்து பார்த்தேன், சி எழுத்தைத் தாண்ட முடியவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே செய்யக்கூடிய வழி ஏதாவது இருக்கிறதா?

முதுநகர் டீச்சர்:

தம்பி, முதலில் டிக்‌ஷனரியை மூடி வையுங்கள். பதினெட்டு வருடமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், நம் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. தமிழில் காதில் விழுவதை அப்படியே எழுதிப் பழகியவர்கள் நாம், காதை நம்பித்தான் கை போகும். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலியோ ஏறக்குறைய 44. அங்கே காதை நம்பினால் வழுக்கிவிடும். அந்த மொழியின் ஸ்பெல்லிங்கைக் கண்ணாலும் கையாலும்தான் பிடிக்க வேண்டும்.

நீங்கள் கடைசி மூன்று மாதம் அனுப்பிய மெயில்களை எடுத்து, தவறான சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நூற்றுக்கணக்கில் இருக்காது, ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவைதான் உங்கள் பாடம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். சொல்லைப் பாருங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள், கையால் மூடுங்கள், பார்க்காமல் எழுதுங்கள், திறந்து ஒப்பிடுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இதையே செய்யுங்கள்.

பத்து தடவை எழுதுவது மட்டும் வேண்டாம். என்னிடம் ஒரு பையன் இம்போசிஷன் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பத்து வரியிலும் வரிசையாக என், அப்புறம் பத்து வரியிலும் இ, அப்புறம் சி என்று மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே போனான். பக்கம் நிறைந்தது, ஆனால் நெசசரி என்ற சொல்லை அவன் ஒருமுறைகூட எழுதவில்லை. பெரியவர்களும் இதைத்தான் வேறு விதமாகச் செய்கிறோம், இரண்டாம் வரியிலிருந்து மேல் வரியைப் பார்த்துக் காப்பி அடிக்கிறோம். மூடிவிட்டு எழுதினால்தான் மூளை தேடும்.

வைசியாள் வீதி:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சொல்லைத் தனியாகப் பார்க்காமல் அதன் சொந்தக்காரர்களோடு சேர்த்துப் பாருங்கள். கணக்கு வேலை பார்க்கிறவர் என்பதால் உங்கள் மேஜையிலிருந்தே எடுக்கிறேன். கடன் என்ற பொருளில் வரும் டெட் என்ற சொல்லில் ஒலிக்காத பி ஒன்று இருக்கிறது. அது எந்த பி? டெபிட்டை நினையுங்கள், காதில் விழும், பஸ்ஸில் வரும் பி. ரிசீட்டில் ஒளிந்திருக்கும் பி வேறு, அதை ரிசப்ஷன் காட்டிக்கொடுக்கும், பேப்பரில் வரும் பி. (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது, நாம் சறுக்கும் இடமே இதுதான்.) சைன் என்பதில் ஜி ஏன் என்றால் சிக்னேச்சரில் அது ஒலிக்கிறது. கிராமர் கடைசியில் ஏ-ஆரா, இ-ஆரா என்று சந்தேகமா? கிராமட்டிக்கல் என்று சொல்லுங்கள், ஏ தானாக வரும்.

அந்த டெட்டில் பி ஆரம்பத்தில் இருந்ததே இல்லை. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது, லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்பாடு சேர்த்துவிட்டார்கள். நைஃப் என்பதன் முன்னால் நிற்கும் கே ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டதுதான். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சைக் கொண்டுவந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. எனக்கு இது தெரிந்த பிறகுதான் அந்த மொழி மேல் இருந்த கோபம் போயிற்று.

புதுச்சேரியில் வேலை பார்க்கிறீர்கள், போர்டுகளைப் படியுங்கள். சி-ஹெச் வந்து ஷ என்று ஒலித்தால் பெரும்பாலும் பிரெஞ்சு வழி வந்த சொல்: ஷெஃப், மெஷின், பிரோஷர். அதே சி-ஹெச் க என்று ஒலித்தால் பெரும்பாலும் கிரேக்கம்: ஸ்கூல், கெமிஸ்ட், கேரக்டர். ரெஸ்டாரன்ட்டில் நடுவே ஏ-யு வருவதும் பிரெஞ்சு எழுத்து அப்படியே தங்கிவிட்டதால்தான்.

மஞ்சக்குப்பம் டிடிபி:

நான் நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதை டைப் அடிக்கிறவன், அனுபவத்தில் சொல்கிறேன். போனில் தானே திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், சிவப்புக் கோடு மட்டும் இருக்கட்டும். திருத்தத்தை நீங்களே செய்தால்தான் மனதில் நிற்கும். ஆனால் லூஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு ஓ விட்டுப்போனால் கோடு விழாது, அதுவும் சரியான ஒரு சொல்தான், இழப்பது என்று பொருள் மாறிவிடும். மெயில் அனுப்புமுன் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்வரை பின்னோக்கிப் படியுங்கள். பொருளில் மனம் போகாது, எழுத்து மட்டும் தெரியும்.

கம்ப்யூட்டரில் மொழியை பிரிட்டிஷ் ஆங்கிலமாக வையுங்கள். அமெரிக்க ஸ்பெல்லிங்கில் இருந்தால் கலர் என்பதில் யு போட்டதற்குக் கோடு விழும், சரியாக எழுதியவரும் குழம்பிப் போவார். அப்புறம் ஊர்ப்பெயர். பாண்டிச்சேரி 2006இல்தான் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது, பழைய பத்திரத்தில் ஒன்று, புதியதில் ஒன்று இருக்கும். கையில் இருக்கும் ஆவணத்தில் எப்படியோ அப்படியே அடியுங்கள்.

நெல்லிக்குப்பத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். சி-க்குப் பிறகு இ-ஐ, மற்ற இடத்தில் ஐ-இ என்று ஒரு விதி சொல்கிறார்களே, அதை நம்பலாமா?

முதுநகர் டீச்சர்:

ரிசீவ், பிலீவ் இரண்டுக்கும் உதவும், அவ்வளவுதான். சயின்ஸ், ஸ்பீஷீஸ், சீஸ் (பறிமுதல் செய்வது), வியர்ட் எல்லாம் அதை மீறுகிறவை. அதைவிட உருப்படியான விதி இன்னொன்று: ரெஃபர் என்பதில் அழுத்தம் பின்பகுதியில் விழுகிறது, அதனால் ரெஃபர்டு எழுதும்போது ஆர் இரட்டிக்கும். ஆஃபரில் அழுத்தம் முன்னால், ஆஃபர்டுக்கு ஒரே ஆர். டிராவல் மட்டும் பிரிட்டிஷ் முறைப்படி இரண்டு எல் வாங்கும், அதைத் தனியாக நோட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பத்தான்:

அக்கா, நீங்கள் சொன்னபடி நேற்று இரவு மூன்று மாத மெயிலைப் பார்த்தேன். முந்நூறு தேறும் என்று நினைத்தேன், மொத்தமே முப்பத்தொரு சொல். அதில் ரிசீட், செபரேட், மெயின்டனன்ஸ் மூன்றும்தான் பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்திருக்கின்றன. மெயின்டெயினின் பின்பகுதியில் ஏ-ஐ வருகிறது, மெயின்டனன்ஸில் அதே இடத்தில் வெறும் இ மட்டும் என்று இத்தனை நாள் நான் கவனித்ததே இல்லை. நோட்டு பையில் இருக்கிறது, காலை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் முதல் ஐந்தை எழுதிவிடுவேன், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்க்கிறேன்.