'நிற ஆழம்' வேண்டாம், 'நிற அடுக்கு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கலர் போன்களின் விவரங்களைத் தமிழில் தொகுக்கும்போது, திரையின் ஒவ்வொரு புள்ளியும் எத்தனை பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நிறம் காட்டும் என்பதற்கு 'நிற ஆழம்' என்று சென்ற மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வந்த ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். "கடும் கலரா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நிறத்தோடு ஆழத்தைச் சேர்த்தால் அடர்ந்த நிறம் என்றுதான் நமக்குத் தோன்றும்.

இன்னொரு மடலில், திரையில் எத்தனை புள்ளி என்று சொல்லும் 'பிரிதிறன்' ஒன்றே போதும் என்று இருந்தது. போதாது. நோக்கியா 2600 போன் 2004இல் வந்தது. அதன் திரையில் 128×128 புள்ளிகள், 4,096 நிறங்கள். அடுத்த ஆண்டு வந்த 1600இல் 96×68 புள்ளிகள்தான், ஆனால் 65,536 நிறங்கள். ஒன்றில் புள்ளி கூடுதல், மற்றதில் நிறம் கூடுதல். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க முடியாது.

எங்கள் பக்கத்து அத்தப்பூக்கோலத்தை நினைத்துப் பாருங்கள். ஓணத்துக்குத் தோவாளையிலிருந்து பூ வண்டி வண்டியாகக் கேரளத்துக்குப் போகும். தரையில் எத்தனை கட்டம் வரைகிறோம் என்பது ஒரு கணக்கு. கையில் கேந்தியும் அரளியும் மட்டும் இருக்கிறதா, வாடாமல்லி, செவ்வந்தி, பிச்சி எல்லாம் இருக்கிறதா என்பது வேறு கணக்கு. நாம் பெயர் தேடுவது இரண்டாவது கணக்குக்கு.

என் பரிந்துரை 'நிற அடுக்கு'. பள்ளிக் கணக்கில் 'இரண்டின் அடுக்கு பன்னிரண்டு' என்று படித்தோமே, அதே அடுக்குதான். எத்தனை பிட்டோ அதுவே அடுக்கு. 2இன் அடுக்கு 12 என்றால் 4,096. அடுக்கு 16 என்றால் 65,536. சீமென்ஸ் எஸ்10 போன் நான்கே நிறம் காட்டியது, அதன் அடுக்கு 2. எரிக்சன் டி68 காட்டியது 256, அடுக்கு 8. எண்ணைப் பார்த்ததும் நிறக் கணக்கு கைக்கு வந்துவிடுகிறது. 'ஆழம்' இந்த வேலையைச் செய்யாது.

அடுக்கு என்றால் ஒன்றின் மேல் ஒன்று வைத்தது என்று குழப்பம் வராதா என்று கேட்கலாம். வந்தாலும் கெடுதல் இல்லை. 12 பிட்டில் சிவப்புக்கு 4, பச்சைக்கு 4, நீலத்துக்கு 4 என்று மூன்று பங்கு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 16 படி, மூன்றும் கலந்து 16×16×16. அடுக்கு 16இல் இந்தப் பங்கு பெரும்பாலும் 5, 6, 5. நம் கண் பச்சையின் வேறுபாட்டை நுட்பமாகப் பார்ப்பதால் மிச்சமுள்ள ஒரு பிட் பச்சைக்குப் போகிறது. அடுக்கு குறைந்த திரையில் அந்திவானப் படம் வைத்தால் மஞ்சள் மெல்ல மெல்லச் சிவப்பாகாது, பட்டை பட்டையாகத் தெரியும். 4,096 நிறப் போன்களில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பழுது என்று நினைத்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அது திரையின் இயல்பு என்று விளக்க அப்போது ஒரு தமிழ்ச் சொல் இல்லையே என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

'வண்ணம்' வேண்டாமா என்றால், எனக்கு 'நிறம்' போதும். எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலையிலிருந்து வருகிறவர்களுக்கும் அது வீட்டுச் சொல், அடுக்கும் அப்படியே. அப்புறம் ஒன்று: புணர்ச்சி பார்த்து 'நிறவடுக்கு' என்று சேர்த்து எழுத வேண்டாம். நடுவில் 'வடு' வந்து நிற்கிறது. பிரித்தே எழுதுவோம்.

2600க்கான பதிவு இப்படி வரும்: 'திரை 128×128 புள்ளி, நிற அடுக்கு 12.' மறுப்பு இருந்தால் இந்த வரியை வைத்தே சொல்லுங்கள், மாற்றிப் பார்ப்போம்.