லைவ் செட்: லேப்டாப்பே போதுமா, தனி சீக்வென்சர் வாங்கலாமா?

நள்ளிரவு_ஆசிட்:
அடுத்த மாதம் ஒரு கஃபேயில் லைவ் செட் வாசிக்கிறேன். டெக்னோதான், 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி). கிக் டிரம்மும் மற்ற சாம்பிள்களும் லேப்டாப்பில் கிளிப்பாக ஓடுகின்றன. பேஸ் மட்டும் வெளியே ஒரு சின்ன அனலாக் சின்த்தில் (சின்தசைசர்). அதற்கு யூஎஸ்பி வழியாக மிடி க்ளாக், அதாவது வேகத்தைச் சொல்லும் துடிப்பு, போகிறது. இரண்டும் சேர்ந்து விழ மாட்டேன் என்கின்றன. பேசாமல் லேப்டாப்பைத் தூக்கி வைத்துவிட்டு ஹார்ட்வேர் சீக்வென்சருக்கே (நோட்டுகளை வரிசையாக ஓட்டும் தனிப் பெட்டி) போய்விடலாமா? கையில் காசு அதிகமில்லை.

மோனோ_சின்த்:
பேஸ் எப்போதும் ஒரே அளவு பிந்துகிறதா, மாறி மாறி வருகிறதா? ஒரே அளவு என்றால் லேட்டன்சி. மிடி செட்டிங்கில் க்ளாக்கை முன்னே பின்னே நகர்த்த ஒரு எண் இருக்கும், அதை மாற்றினால் வேலை முடிந்தது. மாறி மாறி வந்தால் ஜிட்டர்.

நள்ளிரவு_ஆசிட்:
மாறி மாறித்தான். ரெக்கார்ட் செய்து பார்த்தேன். ஒரு பாரில் (நான்கு அடி கொண்ட சுற்று) கிக்குக்கு முன்னால் நிற்கிறது, அடுத்த பாரில் பின்னால்.

பெட்டிப்_பைத்தியம்:
அப்போ யோசிக்காதீங்க, பெட்டிதான். பீட்ஸ்டெப் ப்ரோ என்ற சீக்வென்சரை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள்: இரண்டு மோனோ மெலடி, ஒரு டிரம், ஒவ்வொன்றிலும் 64 ஸ்டெப் (நோட்டு வைக்கும் கட்டம்) வரை. ஆர்பிட்டல் என்ற எலக்ட்ரானிக் இசை இரட்டையர் அலெசிஸ் எம்எம்டி-8 சீக்வென்சர் பெட்டிகளை வைத்துத்தான் மேடையில் வாசித்தார்கள். எட்டு ட்ராக், எட்டு பட்டன். எதை எப்போது மியூட் செய்வது என்பதிலேயே பாட்டு உருவாகிவிடும். மவுஸைப் பிடித்துக்கொண்டு அது வராது.

மோனோ_சின்த்:
மியூட் பட்டன் விஷயம் உண்மைதான், ஆனால் அதற்கு ஒரு சாதாரண மிடி கன்ட்ரோலர் போதுமே. 64 ஸ்டெப் என்பது பதினாறாம் நோட்டில் நான்கே பார். முழு செட்டையும் அதற்குள் அடக்கி, பேட்டர்ன் எண்களை மனப்பாடம் செய்து... ஒரு மாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இங்கே சிக்கல் சீக்வென்சரில் இல்லை, க்ளாக்கில். மிடி க்ளாக் கால் நோட்டுக்கு 24 துடிப்பு. 128 பிபிஎம்மில் கிட்டத்தட்ட 19.5 மில்லிசெகண்டுக்கு ஒன்று. கணினிக்கு ஆடியோதான் முதல் வேலை. மிடி துடிப்பு கிடைத்த சந்தில் கிளம்பும், அதனால்தான் ஆடுகிறது. துடிப்பையே ஆடியோவாக அனுப்பினால் கிக்கோடு சேர்ந்தே வரும். சின்த்தில் 3.5 மிமீ சிங்க் இன் (துடிப்பை வாங்கும் துளை) இருக்கிறதா?

நள்ளிரவு_ஆசிட்:
இருக்கிறது, கோர்க் நிறுவனத்தின் வோல்கா வகை. ஆனால் ஆடியோ இன்டர்ஃபேஸில் இரண்டே அவுட்.

மோனோ_சின்த்:
தாராளமாகப் போதும். இடது அவுட்டில் இசை மோனோவாகப் போகட்டும். கஃபே ஸ்பீக்கரில் ஸ்டீரியோவை யார் தேடப் போகிறார்கள்? வலது அவுட் துடிப்புக்கு, அதை சின்த்தின் சிங்க் இன்னில் செருகுங்கள். ஒரு சின்ன கிளிக் சாம்பிளை எட்டாம் நோட்டுக்கு ஒன்றாக வையுங்கள். வோல்கா ஒரு துடிப்புக்கு இரண்டு ஸ்டெப் நகரும். எஃபெக்ட் எதுவும் வேண்டாம், வால்யூம் நன்றாக ஏற்றிவிடுங்கள்.

நள்ளிரவு_ஆசிட்:
ஐயோ, பூட்டுப் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது! ஆனால் ஓட்டத்தின் நடுவில் சின்த்தை நிறுத்தித் தொடங்கினால் ஸ்டெப் தள்ளிப்போகிறது.

மோனோ_சின்த்:
துடிப்பில் டெம்போ மட்டும்தான் இருக்கும், பாரின் தொடக்கம் எது என்று சின்த்துக்குத் தெரியாது. அதனால் சின்த்தை நிறுத்தாதீர்கள், அதன் வால்யூமைக் குறையுங்கள். அப்புறம், சவுண்ட் செக்கின்போது வலது கேபிளை யாராவது மிக்சரில் செருகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

பெட்டிப்_பைத்தியம்:
சரி சரி, கஃபே முடியட்டும். பீட்ஸ்டெப்பைப் பற்றி அப்புறம் பேசுவோம்.