கிஷ்கிந்தாவின் பெயரைச் சொல்லாமல் விட்ட நாள்

பெங்களூரு வொண்டர்லா பூங்காவில் ரீகாயில் என்ற ரோலர் கோஸ்டருக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் திருமணமாவதற்கு முன் நடந்தது இது. பூங்கா இருக்கும் பிடதியின் வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் அல்சூர்ப் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் நான்கு பேர். அந்தப் பூங்காவுக்கு எத்தனை முறை வந்திருக்கிறோம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் சென்னையிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் ஒருவன் கேட்டான்: “சென்னையில் என்ன இருக்கிறது அண்ணா? தீவுத்திடல் பொருட்காட்சி ராட்டினமா?”

மற்ற மூவரும் சிரித்தார்கள். “இதற்கு முன் எதிலாவது ஏறியிருக்கிறீர்களா?” என்று அடுத்தவன் கேட்டான். “இல்லை, இதுதான் முதல் தடவை” என்றேன்.

பச்சைப் பொய் அது. 1998-இல் ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில், தாம்பரத்துக்கு அப்பால் இருந்த கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்காவில் நான் ரோலர் கோஸ்டரில் ஏறியிருக்கிறேன். அம்மா சீட்டுக்காக எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து கொடுத்தனுப்பிய சுற்றுலா. தூக்குப் பாத்திரத்தில் புளியோதரை, பழைய பாலித்தீன் பையில் மாற்றுத்துணி. அலைக்குளத்தில் முதல் அலை வந்து மார்பில் மோதியபோது, கடலையே பார்த்திராத என் பெஞ்சுத் தோழன் என் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான்கள் தெறித்து விழுந்தன. வீடு திரும்பி மூன்று நாட்கள் வேறு பேச்சே எனக்கு இல்லை. அப்படிப்பட்ட இடத்தை நான்கு முகம் தெரியாத பையன்கள் சிரித்துவிடுவார்களே என்று பயந்து மறைத்தேன். அவர்கள் சொன்னதை எப்போதோ மறந்துவிட்டேன். நான் சொன்னதுதான் இன்று வரை உறுத்துகிறது.

பூங்கா ரசிகர்களுக்கு இடையில் இருக்கும் இந்த இளக்காரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாட்களாக நினைத்திருந்தேன். இதை விளையாட்டு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. நீ எந்தப் பூங்காவுக்குப் போனாய் என்ற கேள்விக்குள்ளே உன் அப்பா என்ன சம்பாதித்தார் என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. கிஷ்கிந்தாவுக்குப் பள்ளிப் பேருந்தில் போனவனை வி.ஜி.பி., எம்.ஜி.எம். என்று குடும்பத்தோடு காரில் போனவன் மட்டம் தட்டினான். அவனைப் பெங்களூருக்குப் போனவன் மட்டம் தட்டினான். பெங்களூருக்காரனுக்கு மேலே மும்பைக்காரன், அவனுக்கும் மேலே சிங்கப்பூர், ஒர்லாண்டோ போய் வந்தவன். படி ஏற ஏறக் கீழே இருப்பவர் மேல் கால் வைத்துக்கொண்டேதான் ஏறுகிறார்கள்.

மும்பைக்காரர் ஒருவரை இமேஜிகாவில் சந்தித்தேன். மும்பை–புணே விரைவுச்சாலைக்குப் பக்கத்தில், கோப்போலி அருகே 2013-இல் தொடங்கிய பூங்கா அது. நைட்ரோ என்ற கோஸ்டருக்காகவே போயிருந்தேன். காலுக்குக் கீழே தரையே இல்லாத வண்டி அது. சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்டு மாபிலார் நிறுவனம் செய்தது. அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டாலே உலகமெங்கும் கோஸ்டர் பிரியர்களுக்கு முகம் மலரும். அந்த நண்பரும் அப்படித்தான். பல நாடுகளில் ஏறிய கோஸ்டர்களைத் தேதி வாரியாகக் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தார். அறிவாளி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு மணி நேரம் அவரிடம் பாடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரீகாயில் பற்றிப் பேச்சு வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. “அது ரெடிமேட் சட்டை. டச்சுக்காரர்கள் ஒரே அளவில் தைத்து உலகம் முழுக்க விற்கிறார்கள். தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்தது இந்த நைட்ரோ. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்” என்றார்.

அவர் சொன்ன தகவலில் பிழையில்லை. ரீகாயில், நெதர்லாந்தின் வெகோமா நிறுவனத்தின் பூமராங் வகையைச் சேர்ந்தது. அந்த வகை 1980-களிலிருந்து உலகில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பூங்காக்களில் நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ரெடிமேட் சட்டை என்ன செய்கிறது என்று பாருங்கள். வண்டியைக் கம்பியால் பின்னோக்கி ஏறக்குறைய 35 மீட்டர் உயரத்துக்கு இழுத்து விடுகிறார்கள். அது நிலையத்தை ஒரே பாய்ச்சலில் கடந்து, மூன்று முறை தலைகீழாகப் புரண்டு, எதிர்ப்பக்க மேட்டில் ஏறி நிற்கிறது. அங்கிருந்து விட்டதும் அதே பாதையில் முதுகுப்பக்கமாக மறுபடியும் மூன்று புரட்டல். மொத்தத் தண்டவாளம் 285 மீட்டர்தான். அந்தச் சின்ன நீளத்தில் ஆறு முறை தலைகீழ்! பெரிய நிலமும் பெரிய முதலும் இல்லாத ஊர்களுக்கு அந்த அனுபவத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த வடிவமைப்பு இது. ரெடிமேட் சட்டை வந்த பிறகுதானே எங்கள் தெருப் பையன்கள் பலருக்குத் தீபாவளிக்குப் புதுச் சட்டை கிடைத்தது?

அதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படி நான் பார்த்ததில்லை” என்றார். நல்ல மனிதர். நிறையத் தெரிந்தவர்களிடமே இந்த இளக்காரம் அதிகமாக இருப்பதுதான் எனக்கு வருத்தம். கற்றுக்கொடுக்க வேண்டிய வாய் அது.

2018-இல் ஒர்லாண்டோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உலகத்திலேயே இந்தப் போட்டி மிகக் கடுமையாக நடக்கும் ஊர் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 1971-இல் தொடங்கிய வால்ட் டிஸ்னி வேர்ல்டு, இன்னொரு பக்கம் 1990-இல் திறந்த யூனிவர்சல். ஒரு ஞாயிறு அத்தான் தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஒருவர் வீட்டில் எல்லோரும் டிஸ்னியின் ஆண்டு அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள். இன்னொருவர் யூனிவர்சல் கட்சி. சாம்பார் வருவதற்குள் தொடங்கிவிட்டது.

டிஸ்னி என்பது தொட்டில் குழந்தைகளுக்கான இடம் என்றார் யூனிவர்சல்காரர். நான்கு சுவரில் திரையைக் கட்டிவிட்டு நாற்காலியை ஆட்டுவதெல்லாம் ரைடா என்றார் டிஸ்னிக்காரர். பேச்சு முற்றியபோது டிஸ்னிக்காரர், திறப்பு விழா அன்றே யூனிவர்சலில் கிங்காங், பூகம்பம், ஜாஸ் என்று முக்கியமான ரைடுகள் எல்லாம் படுத்துவிட்டதைச் சொல்லிக் காட்டினார். 28 வருடத்துக்கு முந்தைய கதை. அதை நேற்று நடந்ததுபோல இன்னொருவர் மகனின் எதிரில், அதுவும் அந்தப் பையன் ஹாரி பாட்டர் மந்திரக்கோலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடும்போது சொன்னார். பையன் கோலை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்டு திறந்தபோது நடந்ததைச் சொன்னேன். தார் காயாமல் பெண்களின் குதிகால் செருப்புகள் தரையில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் இல்லை. கள்ள டிக்கெட்டில் கூட்டம் வந்து குவிந்தது. அதற்கும் முன்னால், 1951-இல், வால்ட் டிஸ்னி கோபன்ஹேகனில் 1843 முதல் நடக்கும் டிவோலி பூங்காவுக்குப் போய், விளக்கும் இருக்கையும் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். அடுத்தவன் பூங்காவை அவர் மதித்துப் பார்த்ததால்தான் தன் பூங்காவை அவரால் கட்ட முடிந்தது. இன்னும் கிட்டத்தில் பாருங்கள். யூனிவர்சல் 2010-இல் ஹாரி பாட்டர் உலகத்தைத் திறந்து கூட்டத்தை அள்ளியது. டிஸ்னி 2017-இல் ‘அவதார்’ படத்தின் பண்டோரா உலகத்தைத் திறந்தது. பூங்காக்கள் ஒன்றை ஒன்று பார்த்துத்தான் வளர்கின்றன. ரசிகர்கள் ஏன் வேலி போட்டுக்கொள்கிறார்கள்?

மேசை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அக்கா ரசம் கொண்டுவந்தாள். டிஸ்னிக்காரரின் மனைவி அந்தப் பையனைக் கூப்பிட்டு, “அந்தக் கோலை எங்கே அசைத்தால் என்ன நடக்கும், காட்டு” என்று கேட்டார். பையன் அதை மடியிலிருந்து எடுக்கச் சிறிது நேரமாயிற்று.

நம் ஊருக்கு வருகிறேன். வி.ஜி.பி.யின் சிலை மனிதரை நீங்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அப்பா என்னை அழைத்துப்போனபோது, தலைப்பாகையும் மீசையுமாக அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். சிரிக்க வைத்தால் பரிசு. சுற்றிலும் பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடினார்கள். நானும் ஆடினேன். தலைப்பாகைக்குக் கீழே கிளம்பிய ஒரு வியர்வைத் துளி புருவத்தில் நின்று, இமையோரமாக இறங்கி, மீசையில் போய்க் காணாமல் போனது. அவர் கண்ணைச் சிமிட்டவில்லை. அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தி, “போதும்டா, அவர் வேலையில் இருக்கிறார்” என்றார்.

பழைய பூங்கா, பழைய வித்தை என்று யாராவது உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துளி ஞாபகம் வருகிறது. ரைடை இயக்குபவர், காலையில் வெறும் வண்டியை ஓட்டிச் சோதிப்பவர், அலைக்குள ஓரத்தில் விசிலோடு நிற்பவர், இவர்கள் எல்லாப் பூங்காவிலும் இருக்கிறார்கள். டிக்கெட் மலிவு என்பதற்காக அவர்கள் பொறுப்பு மலிவாகிவிடாது. இயந்திரத்தைக் குறை சொல்லுங்கள், பராமரிப்பைக் கேள்வி கேளுங்கள், பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதெல்லாம் ரசிகனின் கடமை. அங்கே மகிழ்ந்தவர்களைக் கேவலப்படுத்த யாருக்கும் உரிமை கிடையாது.

2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா திறந்தது. தஞ்சோரா கோஸ்டருக்காகச் சில வாரங்கள் கழித்துப் போனேன். நைட்ரோவைச் செய்த அதே சுவிஸ் நிறுவனம்தான். இதில் தண்டவாளம் தலைக்கு மேலே, நாம் கீழே தொங்குகிறோம். இந்த வகையை அவர்கள் 1992-இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஓட்டிக் காட்டினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகி அது நம் ஊருக்கு வந்திருக்கிறது. வரிசையில் நிற்கும்போதே கண் கலங்கிவிட்டது எனக்கு.

எனக்கு முன்னால் மதுராந்தகத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். ஐம்பதைத் தொட்ட அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள். அந்த அம்மா பக்கத்தில் நின்ற இளைஞர்களிடம் தானாகவே பேச்சுக் கொடுத்தார். “கல்யாணமான புதிதில் கிஷ்கிந்தா போனோம். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் இப்படி ஓர் இடத்துக்கு வருகிறேன்.”

“அதெல்லாம் ஒரு பார்க்கா ஆன்ட்டி?” என்றான் ஒருவன். அவன் நண்பர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்க முயன்றுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மகள் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளோ தரையைப் பார்த்தாள்.

பிடதி வரிசை அப்படியே கண்முன் வந்தது. “தம்பி, நான் முதன்முதலில் கோஸ்டரில் ஏறியது அங்கேதான்” என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. 1984-இல் நாட்டின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் 1990-களில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பூங்காவை உண்டாக்கினார் என்று சொன்னேன். சென்னைப் பிள்ளைகள் பலருக்கு ராட்டினத்தின் மேல் ஆசை வந்ததே அங்கேதான், அந்த ஆசையின் மேல்தான் இன்று இந்தத் தஞ்சோரா நிற்கிறது என்றும் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. அவனோடு வந்தவர்களில் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி, “எங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பிறகு முதலில் போனது எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டுதானாம். அந்தப் புகைப்படம் இன்னும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது” என்றான்.

எங்கள் முறை வந்தது. அந்த அம்மாவுக்கு எனக்குப் பக்கத்து இருக்கை. தோளுக்கு மேல் பட்டை இறங்கிப் பூட்டியதும், “தலையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் தம்பி?” என்று கேட்டார். நன்றாகப் பின்னால் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வளையாதீர்கள் என்றேன். காலடியில் தளம் விலகியது. மேலே ஏறும் சங்கிலியின் சத்தத்துக்கு நடுவே அவர் ஏதோ கேட்டார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இறங்கி வந்து, கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மறுபடியும் கேட்டார்:

“கிஷ்கிந்தாவில் அந்த அலைக்குளத்தில் இறங்கினீர்களா?”